மாதம்மா வறுத்த புளியங்கொட்டை

கண்ணை மூடிக்கோ. பெரியம்மா மெதுவாத்தான் சொல்லுவேன், ஒடம்பெல்லாம் ஓஞ்சு கெடக்கு. நீ "ம்" மட்டும் சொல்லு, போதும்.

ஒரு ஊர்ல ஒரு மாதம்மா இருந்தா. அவளுக்கு ஒரு கைக்குழந்தை, ஒரு எருமை, சென்னப்பன்னு ஒரு புருசன். குழந்தைக்கு எருமைப்பாலுதான் சாப்பாடு. மாதம்மாகிட்ட பால் வத்திப்போச்சு. ம்?

"ம்."

அந்த வருசம் மழையே இல்ல. வைக்கோல் தீந்துபோச்சு, பச்சைப்புல்லு கண்ணுல படல. எருமைக்கு வெறும் எலும்புதான் மிச்சம். அப்போ சென்னப்பன் சொன்னான், "அமாவாசை கழிச்சு அடிமாட்டு லாரி வருது. எருமையை ஏத்தி விட்டுடலாம்." அவன் கல்நெஞ்சுக்காரன் இல்ல கண்ணு. தெனம் தீவனத்துக்கு அலைஞ்சு, வெறுங்கையோட வந்து வந்து, சலிச்சுப்போயிட்டான்.

மாதம்மா நேரா புளி உடைக்கிற எடத்துக்குப் போனா. அங்க கொட்டை குப்பையா குவிஞ்சு கெடந்துச்சு. ஒரு மூட்டை கட்டித் தலையில தூக்கிட்டு வந்தா. எருமை முன்னாடி சலசலன்னு கொட்டினா. அது ஒரு வாய் கடிச்சுச்சு, கடக் முடக். த்தூன்னு துப்பிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

அப்புறம் மறுநாள் உரல்ல போட்டு டொம்மு டொம்முன்னு இடிச்சா. தோலோடயே மாவாக்கித் தண்ணியில கலக்கி வெச்சா. பசி பாரு, சளப் சளப்னு குடிச்சுருச்சு. ஆனா மூணு நாளு சாணி போடல. வயிறு உப்பிக்கிச்சு. பால் ஒரு சொட்டு எறங்கல. குழந்தை வீல்வீல்னு கத்துது.

"நீயே கொன்னுடுவ போலயே"ன்னான் சென்னப்பன்.

அவ மூங்கில் குழாய்ல விளக்கெண்ணெய் ஊத்தி எருமை வாயில விட்டா. வயித்தத் தேய்ச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. சாயங்காலம் பொத்துன்னு சாணி விழுந்துச்சு. அதப் பாத்து அழுதுட்டா.

"ம்... செத்துருச்சா?"

இல்லடி, பொழைச்சுக்கிச்சு.

அப்புறம் மாதம்மா ஒரு கொட்டையைத் தானே மென்னு பாத்தா. அந்தத் தோலு இருக்கே, அப்படியொரு துவர்ப்பு! நாக்கே இழுத்துக்கிச்சு. தோலை உரிச்சுட்டு உள்ள இருக்கற வெள்ளைப் பருப்பைக் கடிச்சா, துவர்ப்பே இல்ல. "என் நாக்குக்கே இந்தப் பாடுன்னா, அது கொடலு என்ன பாடு பட்டிருக்கும்?"னு சொல்லிக்கிட்டா.

அப்போ மூணாவது தடவ, சட்டியில மணலைப் போட்டு வறுத்தா. படபடபட! இடிச்சு, தோலு போகப் பொடச்சு, ஊறவெச்சு, அரைச்சு, கொஞ்சமே கொஞ்சம் வெச்சா. எருமை தின்னுச்சு. மறுநாள் சாணியும் போட்டுச்சு. அப்புறம் தெனம் ஒரு கை கூட்டினா. லாரி வந்து பாம்பாம்னு ஹாரன் அடிச்சப்போ, சென்னப்பன் மடியைப் பீச்சிப் பாத்தான். சர்ருன்னு பால்! லாரியைப் போகச் சொல்லிட்டான்.

ஆனா வேலை முடியல கண்ணு. மழை வர்ற வரைக்கும் தெனம் வறுக்கணும், இடிக்கணும், அரைக்கணும். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஒருநாள் மத்தியானம், அடுப்பு முன்னாடி உக்காந்தபடியே அவளுக்குக் கண்ணு சொருகிருச்சு. சென்னப்பன் அவ கையிலேருந்து கரண்டியை மெதுவா வாங்கினான்.

"போய்ப் படு. நான் வறுக்கறேன்."

"நீ கருக்கிடுவ."

"கருகட்டும், கத்துக்கறேன். படு."

மாதம்மா குழந்தை பக்கத்துல சாஞ்சா. அடுப்புல படபட... படபட... கொஞ்சம் கருகின வாசன வந்துச்சு. அவ எந்திரிக்கல. தூங்கிட்டா.

ம்?

...

சரி. எருமையும் அசைபோட்டுட்டுப் படுத்துருச்சு. கதையும் படுத்துருச்சு. நீயும் தூங்குடி தங்கம்.