இமயம் வரை எட்டிய சிக்னல்

நாணல்குளத்தில் அல்லி என்றோர் ஆமை இருந்தாள். அவளுக்கு உயிர்த்தோழி ஒருத்தி உண்டு. பெயர் வடிவு. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வரித்தலை வாத்து.

வடிவு இந்தக் காட்டுக்காரி இல்லை. இமயமலைக்கு அப்பால் ஓர் ஏரிதான் அவள் பிறந்த வீடு. வருஷாவருஷம் கார்த்திகையில் கூட்டத்தோடு வந்து இறங்குவாள். பங்குனி வெயில் உறைக்க ஆரம்பித்ததும் கிளம்பிவிடுவாள். நாலு மாதம் தோழி, எட்டு மாதம் ஏக்கம். அல்லியின் காலம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆமைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களோடு பேசும்போது கழுத்தை நீட்டிப் பேசும். மனசுக்கு நெருங்கியவர்களோடு பேசும்போது மட்டும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கழுத்தை நீட்டிக்கொண்டு பாசம் பேசுவது ஆமைக் குலத்தில் வெட்கக்கேடு! வடிவு வந்தால் ஓட்டின் வாசலில் அலகை வைத்துக்கொண்டு கதை சொல்வாள். பனி கொட்டிய கதை, வழியில் பார்த்த ஊர்களின் கதை, கழுகுக்குத் தண்ணி காட்டிய கதை. அல்லி உள்ளே இருட்டில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதைவிடச் சுகம் உலகத்தில் எதுவும் இல்லை.

போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அவ்வளவு தூரம் பறந்து வந்த வாத்துக்கூட்டம் வெடித்த சேற்றில் வந்து இறங்கியது. இரண்டு குஞ்சுகள் தாகத்திலேயே செத்துப்போயின. கூட்டத்தலைவர் கொதித்துப்போனார்.

"இனிமே தண்ணி இருக்குன்னு சேதி வராம இந்தக் குளத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டோம்! சேதி வரலைன்னா கிழக்கே கடலோரம் பெரிய ஏரி இருக்கு, அங்க போயிருவோம்!"

வடிவு அன்று ஓட்டின் வாசலுக்கு வந்தபோது அவள் குரலே சரியில்லை.

"அல்லி, நீ ஒரு போன் வாங்குடி. எங்க ஏரிக்கரைக்குத் தினமும் மத்தியானம் ஒரு கவரிமா, அதான் சடைமாடு, தண்ணி குடிக்க வரும். அதுகிட்ட போன் இருக்கு, நம்பரை உனக்குச் சொல்லிட்டுப் போறேன். ஐப்பசிப் பௌர்ணமி அன்னிக்கு நாங்க கிளம்புவோம். கிளம்புறதுக்கு முன்னாடி மத்தியானம் உன்னைக் கூப்பிடுறேன். தண்ணி இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு, போதும்!"

"இல்லைன்னா?"

"இல்லைன்னா கடலோரம்தான். தலைவர் சொன்னா சொன்னதுதான். கூட்டத்தை விட்டுட்டு நான் மட்டும் எப்படி வர்றது?"

"ஒரு வார்த்தைதானே, சொல்லிடுவேன்டி!" என்றாள் அல்லி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. நல்லவேளை, தலை உள்ளே இருந்தது.

வடிவு போனதும் அல்லி போன் தேட ஆரம்பித்தாள். நீர்நாய் புதுப் போன் வாங்கிய மகிழ்ச்சியில் தன் பழைய ஸ்மார்ட்போனைக் கொடுத்துவிட்டது. கண்ணாடியில் ஒரு கீறல். மற்றபடி நன்றாகவே இருந்தது. அல்லி அதை நாணல் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இனி சிம்தான் பாக்கி. எந்தக் கம்பெனி சிம்?

ஆவணி மாதம் குளக்கரைப் பாறைமேல் மயில் கடை விரித்தது. "தோகை" என்பது கம்பெனியின் பெயர். "இமயம் முதல் குமரி வரை!" என்று ஒரு பெரிய பலகை. அதன் கீழே மயில் சும்மா நின்றாலும் பரவாயில்லை, ஆடிக்கொண்டே நின்றது.

"வாங்க மேடம், வாங்க! தினம் ரெண்டு ஜிபி! பேச்சு அளவே இல்லை! நரி கம்பெனியில இருந்து மாறி வந்தா ரிங்டோன் இலவசம்!"

மற்றவர்கள் ஜிபியைக் கேட்டார்கள். அல்லி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"இமயமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி. அங்க உங்க சிக்னல் எடுக்குமா?"

"எடுக்குமாவா? அங்க பனியே எங்க டவர் மேலதான் மேடம் விழுது! நம்பலைன்னா இப்பவே பேசிப் பாருங்க!"

மயில் ஒரு சிம்மைப் போட்டுக் கொடுத்தது. அல்லி பாறையில் நின்று, வெளியாளோடு பேசுகிற வழக்கப்படி கழுத்தை நன்றாக நீட்டி, கவரிமாவைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே கவரிமா எடுத்தது.

"யாரு, வடிவோட சிநேகிதியா? நம்பரைக் குறிச்சுக்கிட்டேன். இங்க ஒரே குளிரு! வடிவு கொஞ்சம் தள்ளி இருக்கா, நீ கூப்பிட்டேன்னு அப்புறம் சொல்றேன்!"

தொலைவில் வாத்துகள் கத்துவது கேட்டது. அதில் ஒரு குரல் வடிவின் குரலாக இருக்குமோ? இமயத்துக் குளிரே காது வழியாக உள்ளே வந்தது போல அவளுக்குச் சிலிர்த்தது.

திரும்பி வரும் வழியில் சேற்றில் கவிழ்த்த ஓட்டைச் சட்டியின் மேல் தவளை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு கம்பெனி நடத்தினார். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. கரையோரம் பாதி முங்கிய மரத்தில் ஒரு மூங்கில் கழியைக் கட்டிவைத்து அதுதான் டவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மயில்கிட்ட வாங்கப் போறியா? நீ எங்க இருந்துக்கிட்டு பேசப் போறே?"

"நான் எங்க இருந்தா என்ன அண்ணாச்சி? என் வடிவு இமயத்துல இருக்கா. உங்க சிக்னல் அங்க போகுமா?"

"எங்க சிக்னல் இந்தக் குளத்தோட சரி. கரையைத் தாண்டி ஒரு முழம் எட்டாது. ஆனா எந்தக் கம்பெனியில இருந்து யாரு கூப்பிட்டாலும் குளத்துக்குள்ள உன்கிட்ட கொண்டுவந்து சேர்த்துடும்."

அல்லியின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"குளத்தோட சரியா? குளத்துக்குள்ள எனக்கு யாரு அண்ணாச்சி இருக்கா?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்தச் சொல் அண்ணாச்சிக்குச் சுருக்கென்றிருக்கும். ஏங்குகிற மனசுக்கு அடுத்தவர் முகம் எங்கே தெரியப் போகிறது? அல்லி மறுநாளே, பேசிப் பார்த்த அதே தோகை சிம்மை வாங்கிவிட்டாள்.

புரட்டாசி முழுக்க வானம் வெறிச்சென்று கிடந்தது. குளத்தில் முழங்கால் தண்ணீர். அல்லி தினமும் மேகத்தைப் பார்ப்பாள், போனைப் பார்ப்பாள். ஐப்பசி பிறந்தும் ஒரு சொட்டு இல்லை. "எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவகிட்ட பேசுவேன்?" என்று தவித்தாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொட்டித் தீர்த்துவிட்டது! மலை ஓடையெல்லாம் திரண்டு வந்து விழுந்தன. விடிந்து பார்த்தால் குளம் கரை வரை தளும்பி நின்றது. நாணல் பாதி முங்கிவிட்டது. அல்லிக்குத் தலைகால் புரியவில்லை.

"தண்ணி இருக்கு! தண்ணி இருக்கு வடிவு!" என்று நூறு தரம் சொல்லிப் பழகிக்கொண்டாள். சொல்லப்போவது ஒரு வார்த்தை, அதற்கு இத்தனை ஒத்திகை!

மதியம் வந்தது. அல்லி போனை எடுத்துக்கொண்டு, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். வடிவின் குரலைக் கழுத்தை நீட்டிக்கொண்டா கேட்பது? எப்போதும் போல இருட்டில் கண்ணை மூடினாள். போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மணி அடிக்கவில்லை.

'இப்போதுதான் கவரிமா கரைக்கு வந்திருக்கும்' என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் போயிற்று. 'குஞ்சுகளைக் கூட்டிச் சேர்க்கிறாளோ என்னவோ.' இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. நாமே கூப்பிடலாமா? ஐயோ, நாம் கூப்பிடுகிற அதே நேரம் அவளும் கூப்பிட்டு லைன் பிஸியாகிவிட்டால்? வேண்டாம், வேண்டாம்! அல்லி மூச்சைக்கூட மெல்ல விட்டாள். மூச்சுச் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடக் கூடாதே!

காத்திருக்கக் காத்திருக்க மனசு தாறுமாறாக ஓடியது. மறந்துவிட்டாளா? எட்டு மாதத்தில் வேறு தோழி கிடைத்துவிட்டாளா? பனியில் ஏதாவது ஆகிவிட்டதா? மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நன்றாக இருந்தால் போதும் என்று தோன்றியது. உடனே, இல்லை, மறந்திருக்கக் கூடாது என்றும் தோன்றியது.

வெயில் சாய்ந்து ஓட்டின் மேல் சூடு குறைந்தது. பொறுக்க முடியாமல் அல்லி தலையை வெளியே நீட்டினாள்.

டிங்! டிங்! டிங்!

போனில் மூன்று தவறிய அழைப்புகள். மூன்றும் கவரிமாவின் நம்பர்.

அல்லி உடனே திருப்பிக் கூப்பிட்டாள். கவரிமா எடுத்தது.

"என்ன தாயி இப்படிப் பண்ணிட்டே! வடிவு மூணு தடவை கூப்பிட்டா. மூணு தடவையும் ஒரு மைனாதான் பேசிச்சு. 'நீங்கள் அழைக்கும் ஆமை தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்'னு! வடிவு அழாத குறையா, இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு கெஞ்சினா. தலைவர் கேக்கலை. 'சேதி இல்லைன்னா தண்ணி இல்லை, கிளம்பு'ன்னுட்டாரு. போயாச்சு தாயி. கடலோரத்துக்கு."

"இங்க கரை வரைக்கும் தண்ணி நிக்குது!" என்று கத்தினாள் அல்லி.

"நான் என்ன செய்ய? எனக்குப் பறக்கத் தெரியாதே!" என்றது கவரிமா.

அல்லி வாழ்நாளில் ஓடியதில்லை. அன்று ஓடினாள். ஆமை ஓட்டம்தான், ஆனாலும் ஓட்டம். பாறையில் மயில் தோகையைக் கோதிக்கொண்டிருந்தது.

"இமயம் வரைக்கும் எடுக்கும்னு சொன்னியே!"

"எடுத்துச்சா இல்லையா?" என்றது மயில். "கால் அங்க இருந்து கிளம்பிச்சு. இதோ இந்த மலை உச்சி டவர் வரைக்கும் வந்துச்சு. நீங்க எங்க மேடம் இருந்தீங்க?"

"ஓட்டுக்குள்ள."

"ஓட்டுக்குள்ளயா!" மயில் விழுந்து விழுந்து சிரித்தது. "டவர் அவ்வளவு தூரத்துல இருக்கு. அத்தனை கெட்டியான ஓட்டுக்குள்ள சிக்னல் எப்படி நுழையும்? வெளிய நின்னுதானே பேசிப் பாத்தீங்க? உள்ள போனா கேக்குமான்னு நீங்க என்னைக் கேக்கவே இல்லையே!"

அல்லி யோசித்துப் பார்த்தாள். அது உண்மைதான். அவள் கேட்டதெல்லாம் வடிவு இருக்கிற இடத்தைப் பற்றித்தான். தான் இருக்கிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் மெல்ல இறங்கிச் சேற்றுக்கு வந்தாள். தவளை அண்ணாச்சி 'நான்தான் அன்னிக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

"நம்பர் மாறினா அவ என்னை எப்படிக் கண்டுபிடிப்பா அண்ணாச்சி?" என்று அழுதாள் அல்லி.

"நம்பர் அப்படியே இருக்கட்டும். கம்பெனியை மட்டும் என்கிட்ட மாத்திக்கலாம். என் டவர் இதோ பக்கத்துலயே இருக்கு, ஓட்டுக்குள்ளயும் மணி அடிக்கும். ஏழு நாள் ஆகும்."

ஏழு நாள் கழித்து சிம்மைப் போட்டுக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்:

"இரு, இரு! இங்க நின்னு பாக்காதே. நீ எங்க இருந்து பேசுவியோ அங்க போ. ம், ஓட்டுக்குள்ள போ! இப்பக் கூப்பிடுறேன்."

இருட்டுக்குள் மணி கணீரென்று அடித்தது. அல்லி எடுக்கவில்லை. அது அடித்து ஓயும் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கார்த்திகை வந்தது. குளத்தில் மீன் துள்ளியது, கோரை பச்சைப்பசேலென்று வளர்ந்தது. வாத்துகளுக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. வாத்துகள்தான் இல்லை. ஒரு நாள் மதியம் ஓட்டுக்குள் மணி அடித்தது.

"அல்லி! நான்தான்டி! இங்க கடலோரம் ஒரு கூழைக்கடாப் பறவைகிட்ட போன் இரவல் வாங்கிப் பேசறேன்!"

ஓட்டின் வாசலில் அலகை வைத்துச் சொன்னது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அல்லி போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நல்லா இருக்கியாடி? பௌர்ணமி அன்னிக்கு நீ எடுக்கலையா, எனக்கு உயிரே போயிடுச்சு. ஒழுங்கா சாப்பிடுறியா? அங்க... அங்க தண்ணி இருக்கா?"

"இருக்கு," என்றாள் அல்லி. "கரை வரைக்கும் இருக்கு."

அந்தப் பக்கம் பெரிய ஏரியின் காற்று மட்டும் கேட்டது.

"குஞ்சுகளை எல்லாம் இங்க இறக்கியாச்சு," என்றாள் வடிவு கடைசியில். "தலைவர் இனிமே இடம் மாற மாட்டாரு. பங்குனியில இங்கேருந்தே மலைக்குப் போயிடுவோம். அடுத்த ஐப்பசிக்குத்தான்டி."

"சரிடி."

"அல்லி, அழறியா? என்னவோ சத்தம் கேக்குதே?"

"இல்லடி. குளம் நிறைஞ்சு கிடக்கில்ல? தண்ணிச் சத்தம்."

ஏக்கத்தில் தொலைவை மட்டுமே பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாந்துபோவார் என்பதால், எதை வாங்கினாலும் அது நாம் இருக்கும் இடத்தில் நமக்கு உதவுமா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.