இரை எடுக்காத கெண்டை

"ஆத்துல மீன் கடிக்க மாட்டேங்குது தாயே" என்றார் கொம்பையா.

உலகம்மை படித்துறை மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துறவு கொண்டவள். அவரைவிட இளையவள். ஆனாலும் அவளைத்தான் அவர் குருவாக ஏற்றிருந்தார்.

"தண்ணி எப்படி?"

"வெள்ளம் வடிஞ்சு தெளிஞ்சு கிடக்கு. வெயில் இதமா இருக்கு. காத்துகூட இல்லை. இதைவிட நல்ல நேரம் வராது."

"இரை?"

"வாழைத் தோட்டத்து மண்புழு. மாவு உருண்டையும் போட்டுப் பாத்தாச்சு. தக்கை அசையலை."

"அப்போ கத்தரிக்காய்க் குழம்பு வைங்க அண்ணாச்சி. இதுக்கா என்கிட்ட வந்தீங்க?"

அவர் சிரிக்கவில்லை.

"என் மக பூரணம் புருஷன் வீட்டுல இருந்து வந்திருக்கா. சாப்பிடலை. பேசலை. சுவரைப் பாத்துப் படுத்திருக்கா. கெண்டைக் குழம்புன்னா சின்ன வயசுல உசிரை விடுவா. அந்த வாசனைக்காவது வாயைத் திறப்பா."

"திறந்தா?"

"அங்கே என்ன நடந்துச்சுன்னு கேட்டுருவேன்."

"கேட்டு?"

"புத்தி சொல்லி, வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விட்டுருவேன். சம்பந்திக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

உலகம்மை விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"தூண்டிலை எடுத்துட்டு வாங்க."

கடைசிப் படியை ஒட்டி, முழங்கால் ஆழத்தில், ஒரு ஜிலேபிக் கெண்டை அசையாமல் நின்றது. கொம்பையா குனிந்து, புழுவை அதன் மூக்குக்கு நேரே இறக்கினார்.

கெண்டை வாயை இறுக மூடியபடி பின்னால் நகர்ந்தது.

"பாத்தீங்களா? என்ன திமிரு!"

"தூண்டிலைத் தூக்குங்க. தள்ளி வந்து உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். அவருக்குக் கால் மரத்துப்போனது.

"எவ்வளவு நேரம் தாயே..."

"சும்மா இருங்க."

கெண்டை பழைய இடத்துக்கே வந்தது. மெல்ல வாயைத் திறந்தது. கடுகை அள்ளி இறைத்தாற்போல் குஞ்சுகள் வெளியே வந்தன.

கொம்பையா பதறி எழுந்தார். அவர் நிழல் தண்ணீரில் விழுந்தது.

குஞ்சுகள் அத்தனையும் தாயின் வாய்க்குள் ஓடி மறைந்தன. வாய் மூடிக்கொண்டது.



"குஞ்சை வாயில வச்சுக்கிட்டு எப்படி இரை எடுக்கும்?" என்றார், தனக்குத் தானே.

உலகம்மை மறுபடி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே எந்திரிக்கும்போது நிழல் எங்கே விழுதுன்னு பாத்து எந்திரிங்க அண்ணாச்சி."

தூண்டில் படியிலேயே கிடந்தது.

வீட்டில் பூரணம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொம்பையா வழக்கம்போல் வாசலில் நின்றார். அவர் நிழல் நீண்டு அவள் மேல் கிடந்தது.

வழக்கம்போல் கேட்க வாயெடுத்தவர், அந்த நிழலைப் பார்த்தார்.

விலகினார். அறையின் மூலையில், தரையில் உட்கார்ந்தார். எதையும் கேட்கவில்லை. அடுப்பில் வெறும் கஞ்சி கொதித்து அடங்கியது.

பிறகு சொன்னார்.

"வெள்ளிக்கிழமை நாம எங்கேயும் போகலை."

வெகுநேரம் கழித்து, பூரணம் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.