பாகவதரைப் பேசவைத்த மெக்கானிக்

கையில் தொழில் உள்ளவனைச் சீண்டக் கூடாது. சீண்டினார் சபா செயலாளர் பஞ்சாபகேசன்.

அவரிடம் பேர்ச்சீட்டு கிழிந்த பழைய இசைத்தட்டு ஒன்று இருந்தது. நல்லூர் பாகவதர் பாடியது என்று அவரே முடிவுகட்டி, "என்ன நிதானம், என்ன ஆண்மை! பெண்களுக்கு இது வராது" என்று புத்தகமே போட்டிருந்தார்.

அவருடைய கிராமபோனில் சுருள்வில் தளர்ந்து தட்டு மெதுவாகச் சுற்றியது; குரலும் கனத்து இழுத்தது. மெக்கானிக் சவரிமுத்து அதைச் சரிசெய்து கொடுத்தான். மறுநாள் சபாவில் ரசிகர்கள் முன்னிலையில் தட்டைப் போட்டுக் கேட்டதும் பஞ்சாபகேசன் குதித்தார்.

"பாகவதரைப் பொம்மனாட்டி ஆக்கிட்டியேடா! பழைய குரல் இப்பவே வரணும். இல்லேன்னா இந்த ஊர்ல நீ கடை போட முடியாது!"

"பாடினவங்களையே ஒரு வார்த்தை கேட்டுடுவோம் சாமி" என்று சவரிமுத்து தட்டைச் சுழலவிட்டான்.

பாட்டு முடிந்ததும் பஞ்சாபகேசன் வழக்கம்போல் முள்ளைத் தூக்கக் கை நீட்டினார். சவரிமுத்து அந்தக் கையை எட்டிப் பிடித்தான்.

"அந்தக் காலத்துல பாடி முடிச்சதும் பேர் சொல்லுவாங்க சாமி. இருபது வருஷமா நீங்கதான் சொல்லவிடல."

தட்டு கணீரென்று பேசியது: "பாடியது மணப்பாறை கமலவேணி."

சபா அதிரச் சிரித்தது.

"இப்பவும் பாகவதர்தான் வேணுமா சாமி?"

பஞ்சாபகேசன் வாயைத் திறக்குமுன் ரசிகர்கள் கத்தினார்கள்: "அந்தம்மாவை இன்னொரு தரம் போடுப்பா!"