சடையப்பர் தூர் வாரிய குளம்

வறண்ட முள்ளுக்காட்டுக்குத் தலைவர் சடையப்பக் கரடி. நல்ல மனசுக்காரர்தான். வேலை என்றால் மட்டும் கொட்டாவி வந்துவிடும்.

கோடையில் அந்தக் காட்டின் பசியைத் தீர்த்தது பக்கத்து மலைக்காடு. மாதம் ஒருமுறை மலையரசி என்ற யானை முதுகு நிறையப் பலாப்பழம் கொண்டுவருவாள். முதல் பழம் தலைவருக்கு என்பது வழக்கம். சடையப்பர் இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்.

ஒருமுறை மலையரசி சொன்னாள்: "தம்பி, எத்தனை நாள் சுமப்பேன்? உங்கள் குளத்தடியில் ஊற்று இருக்கிறது. தண்ணீர் வந்தால் இங்கேயே தீனி விளையும். தூர் வாருங்கள். வாரினால்தான் அடுத்த பழம்!"

"வாரிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா!" என்றார் சடையப்பர். போய்ப் படுத்துவிட்டார்.

"ஐயா, நாங்களும் மண் தள்ளுகிறோம்!" என்று முயல்கள் இரண்டு முறை எழுப்பிப் பார்த்தன. அவர் புரண்டு படுத்தார்.

மாதம் முடிந்து மலையரசி வரும் நாள் காலையில்தான் துள்ளி எழுந்தார். அவசர அவசரமாகக் கரையை மட்டும் சுரண்டினார். மலையோடையில் அல்லி இலைகளைப் பறித்து வந்து சேற்றின் மேல் பரப்பினார். தூரத்திலிருந்து பார்த்தால் குளம் நிறைந்திருப்பது போலவே இருந்தது. பாவம், யானை குளத்தைப் பார்த்ததும் குளிக்க இறங்கும் என்பதை மறந்துபோனார்.

"நடந்த அலுப்புத் தீர ஒரு முழுக்குப் போடுகிறேன்!" என்று மலையரசி பழச்சுமையைக் கரையில் இறக்கிவிட்டுக் குளத்தில் இறங்கினாள். நகம்கூட மூழ்கவில்லை. கால் நிறைய இலை ஒட்டியதுதான் மிச்சம்.

சடையப்பர் தலையைத் தொங்கப் போட்டார். முயல்குட்டிகள் பழங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. யானை சொன்ன சொல்லில் நின்றால் அவை பட்டினி!

மலையரசிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பழங்களைக் குட்டிகளின் பக்கம் உருட்டிவிட்டாள். முதல் பழத்தை மட்டும் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அது என் பழம்!"

"வாராத குளமும் உங்களுடையதுதானே தம்பி! ஊற்று வரட்டும், தருகிறேன்."

பழவாசனை மூக்கைத் துளைத்தது. சடையப்பருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கறையான் புற்றை உடைக்கும் நகங்களால் தோண்டத் தொடங்கினார். முயல்கள் மண்ணைத் தள்ளின. மூன்றாம் நாள் ஊற்று பீறிட்டது!

மலையரசி பழத்தை நீட்டினாள். சடையப்பர் பிளந்தார். முதல் சுளையைத் தன்னை எழுப்ப வந்த முயலிடம் வெட்கத்தோடு கொடுத்தார்.

உதவிக்கு நிபந்தனை போடலாம். அது பொறுப்பில் இருப்பவரைச் சுட வேண்டுமே தவிர, பசித்த வயிற்றைச் சுடக் கூடாது.