இலை ஒட்டிய இயர்போன்

மருதங்குளத்தைச் சுற்றியிருந்த காட்டில் செம்பி என்ற பெண் முயல் வாழ்ந்துவந்தது. அதற்கு நான்கு குட்டிகள். பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அந்தக் காட்டில் எல்லோரிடமும் ரேடியோ உண்டு. தினமும் காலையில் குக்குறுவான் பறவை செய்தி வாசிக்கும். எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, எந்தப் பக்கம் சிறுத்தை நடமாடுகிறது, மழை வருமா வராதா, எல்லாம் சொல்லும். அதைக் கேட்காமல் யாரும் இரை தேடக் கிளம்புவதில்லை.

செம்பிக்கு அதில்தான் சிக்கல். ரேடியோவைப் போட்டால் குட்டிகள் விழித்துக்கொண்டு கத்தும். போடாவிட்டால் சிறுத்தை எந்தப் பக்கம் என்று தெரியாது.

"இனிமே இயர்போன் வாங்காம முடியாது!" என்று முடிவு செய்தது செம்பி.

மருத மரத்தடியில் கரியன் என்ற நரி கடை போட்டிருந்தது. கடை முழுக்கப் பளபளக்கும் இயர்போன்கள் தொங்கின.

"வா தங்கச்சி, வா! உன் நீளக் காதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு பாரு!"

"என்ன விலைண்ணே?"

"இருபது கிழங்குதான்!"

செம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக்காலத்துக்கு என்று அது சேர்த்து வைத்திருந்ததே பதினெட்டுக் கிழங்குதான்.

இருந்தாலும் ஒன்றை எடுத்துக் காதில் மாட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், உலகமே அடங்கிப்போனது. நரியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. செம்பி சட்டென்று கழற்றியது.

"நீங்க பேசுறதே கேக்கலையே! என் பிள்ளைங்க அழுதா எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுதானே இதோட பெருமையே!"

"கெட்டுப்போனா சரிபண்ணித் தருவீங்களா?"

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "இதைப் போய் யாராவது சரிபண்ணுவாங்களா? கெட்டுப்போனா குளத்துல வீசு, புதுசு வாங்கு!"

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று செம்பி கிளம்பியது.

குளக்கரையில் ஓர் அழுகுரல் கேட்டது. மீனாயி என்ற நீர்நாய் தன் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு கதறியது. குட்டியின் பின்னங்காலில் கறுப்பு ஒயர் ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. கால் பந்துபோல வீங்கியிருந்தது.

"இழுக்க இழுக்க இறுகுது செம்பி! என் பிள்ளை கால் போயிடும் போலிருக்கே!"

"இழுக்காதீங்கக்கா! பிள்ளையை அசையாமப் பிடிச்சுக்குங்க!"

செம்பி குனிந்து ஒயரைப் பல்லால் கடித்தது. ஈறில் ரத்தம் வந்தது. விடவில்லை. டப்பென்று ஒயர் அறுந்தது. குட்டி காலை உதறி, மூச்சு வாங்கியது. மீனாயி அதை அள்ளி அணைத்துக்கொண்டது.

"எங்கேருந்துக்கா வந்தது இந்த ஒயர்?"

"தண்ணிக்குள்ள இறங்கிப் பாரு. சேறு முழுக்க இதுதான் கிடக்கு! நாலு மழைக்கு முன்னாடி வீசினதுகூட அப்படியே இருக்கு!"

செம்பி கரையோரச் சேற்றைத் துழாவியது. ஒரே நேரத்தில் பத்து இயர்போன்கள் கையோடு வந்தன. அவற்றைக் கழுவி எடுத்துக்கொண்டு நேராக மூங்கில் புதருக்குப் போனது. அங்கே சடையன் என்ற முள்ளம்பன்றி ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தது.

"சடையண்ணே, இதுல ஏதாவது உயிரோட இருக்கா?"

சடையன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. "அட! ஏழு ஸ்பீக்கர் நல்லாவே இருக்கு. மேல் ஓடுதான் உடைஞ்சிருக்கு. ஒயர் ஓரத்துல அறுந்திருக்கு. இதுக்குப் போயா தூக்கி எறிஞ்சாங்க?"

"மூங்கில்ல ஓடு செஞ்சு தர முடியுமா?"

"ஏன் முடியாது? காதுல உறுத்தாம இலவம்பஞ்சு வெச்சுத் தர்றேன். ஆனா அடைப்பா இருக்காது. வெளிச்சத்தம் கொஞ்சம் கேக்கும்."

"எனக்கு அதுதாண்ணே வேணும்!"

சடையன் மூன்று கிழங்குதான் கேட்டது. மறுநாள் காலை செம்பி மூங்கில் இயர்போனை மாட்டிக்கொண்டது. சிறுத்தை கிழக்குப் பக்கம் என்று குக்குறுவான் சொன்னது தெளிவாகக் கேட்டது. கடைக்குட்டி தும்மியதும் கேட்டது. மற்ற மூன்றும் தூங்கிக்கொண்டே இருந்தன.

இதற்குள் மீனாயி காட்டையே கூட்டிவிட்டது. "உன் சரக்கு என் பிள்ளை காலை வாங்கப் பாத்துச்சு!" என்று நரியைப் பிடித்து உலுக்கியது. வியாபாரம் படுத்துவிட்டது. நரி கடையைக் கட்டிக்கொண்டு எங்கோ போனது.

மூன்றாம் நாள் தாரை தப்பட்டையோடு திரும்பி வந்தது! இப்போது எல்லா இயர்போனும் பச்சை நிறம். ஒவ்வொன்றின் மேலும் ஓர் இலை.

"வாங்க வாங்க! முழுக்க முழுக்க இயற்கை! மண்ணுல போட்டா மண்ணாயிடும்! நாப்பதே கிழங்கு!"

கூட்டம் அலைமோதியது. கரடி தேனடையோடு வந்து முதல் ஆளாக வாங்கியது. மான்கள் வாங்கின. வரிசையின் நடுவில் மீனாயியும் நின்றது.

"அக்கா, நீங்களுமா?" என்றது செம்பி.

"இலை போட்டிருக்கே செம்பி! பிள்ளைங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றானே! உன்னோடது வெறும் மூங்கில் துண்டு. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

செம்பிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றது.

"கரியண்ணே! மண்ணாயிடும்னு சொன்னீங்க. மண்ணுக்கிட்டயே கேட்டுப் பாத்துடலாமா?"

"என்ன சொல்ற?"

செம்பி கடைக்குப் பின்னால் இருந்த கறையான் புற்றைக் காட்டியது. "உங்களோடது ஒண்ணு, சடையண்ணன் செஞ்சது ஒண்ணு. ரெண்டையும் மூணு நாள் புத்துல வைப்போம். உங்களோடது மட்கினா, என்கிட்ட மிச்சம் இருக்கிற பதினஞ்சு கிழங்கையும் எடுத்துக்குங்க! மட்கலைன்னா, எல்லார்கிட்டயும் வாங்கினதைத் திருப்பிக் குடுத்துட்டு, குளத்துல கிடக்கிற குப்பையையும் நீங்களே அள்ளணும்!"

"கறையானுக்கு என்ன தெரியும்? அதெல்லாம் முடியாது!"

"நல்ல சரக்குன்னா எதுக்குய்யா பயப்படுற?" என்று கரடி உறுமியது. நரி வேறு வழியில்லாமல் தலையாட்டியது.

யாரும் மாற்றி வைத்துவிடக் கூடாது என்று கரடியே புற்றருகில் காவல் உட்கார்ந்தது. செம்பிக்கு அந்த மூன்று நாளும் சாப்பாடு இறங்கவில்லை. கிழங்கு போனால் மழைக்காலத்தில் குட்டிகளோடு என்ன செய்வது?

நான்காம் நாள் காலையில் காடே புற்றைச் சுற்றி நின்றது. கறையான் ஒன்று வெளியே தலை நீட்டியது.

"மூங்கில் நல்ல ருசி! பஞ்சு அதைவிட ருசி! ஒயரையும் ஸ்பீக்கரையும் மட்டும் மிச்சம் வெச்சிருக்கோம்."

"அந்தப் பச்சை?" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"மேல இருந்த இலை நல்லாத்தான் இருந்துச்சு. அதைத் தின்னுட்டோம். கீழே இருந்ததுலதான் பல்லே இறங்கலை!"

கரடி அதை எடுத்து நகத்தால் சுரண்டியது. பச்சை உதிர்ந்தது. உள்ளே அதே பழைய கறுப்புப் பிளாஸ்டிக்!

கூட்டம் கொதித்தது. நரி மட்டும் அசரவில்லை.

"கொஞ்சம் இருங்க! யாரோட சரக்கு நின்னுச்சு? என்னோடது! செம்பியோடதைக் கறையான் அரிச்சுட்டுது! அரிச்சுப்போற சாமானையா நீங்க வாங்கப் போறீங்க?"

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

செம்பி தன் காதிலிருந்த மூங்கில் இயர்போனைக் கழற்றி உயர்த்திக் காட்டியது. "இதை யாரும் புத்துல வெச்சுக் கேக்கிறதில்லையே அண்ணே! காதுல இருக்கிற வரைக்கும் இது உழைக்கும். தூக்கிப் போட்ட அன்னிக்குத்தான் மண்ணாகும். உங்களோடது காதுல ஒரு மாசம்கூடத் தாங்காது. தூக்கிப் போட்டா மட்டும் எங்க பிள்ளைங்க காலத்துக்கும் கிடக்கும்!"

"ஒயரும் ஸ்பீக்கரும் மட்காது, அது உண்மைதான்" என்று சடையன் சொன்னது. "அதை மட்டும் என்கிட்ட திருப்பிக் கொண்டாங்க. அடுத்ததுல போட்டுக்கிறேன்."

"போடு!" என்று கரடி தொடையைத் தட்டியது. காடே ஆர்ப்பரித்தது. மீனாயி ஓடிவந்து செம்பியைத் தூக்கிக் கரடியின் தோளில் ஏற்றியது. குளத்தை மூன்று முறை சுற்றி வந்தார்கள். குரங்குகள் நரியின் தப்பட்டையையே பிடுங்கி அடித்தன.

நரி வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தது. பிறகு கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பன்னிரண்டு நாள் குப்பை அள்ளியது. அள்ளியதெல்லாம் சடையன் கைக்குப் போனது. மாத முடிவில் அந்தக் காட்டில் மூங்கில் இயர்போன் மாட்டாத காதே இல்லை. தண்ணீர் தெளிந்ததும் மீனாயியின் குட்டி கரையிலிருந்து ஓடிவந்து தலைகீழாகக் குதித்தது!

ஒரு பொருள் எதனால் ஆனது, எத்தனை நாள் உழைக்கும், கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டு வாங்குகிறவரை எந்த வியாபாரியாலும் ஏமாற்ற முடியாது.