பன்னிரண்டு மணிச் சங்கு

சிரிப்புக் கதைதான் இது. சிரிக்க வேண்டிய இடம் பகல் பன்னிரண்டு மணிக்கு வரும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.

அணைக்கட்டின் கட்டுப்பாட்டு அறை. குரு பர்வீன், வயது முப்பத்து நான்கு. சீடர் தேவசகாயம், ஐம்பத்தொன்று. மின்பிரிவிலிருந்து மாற்றலாகிக் கம்ப்யூட்டர் பழக வந்தவர்.

தண்ணீர் ஏறினால் ஆற்றோரத் தெருக்களுக்குச் சங்கு ஊதுவது அங்கிருந்த ஒரு பழைய லினக்ஸ் சர்வர். தினமும் பன்னிரண்டுக்கு ஒருமுறை ஊதிக் காட்டும். சுவரில் ஒரு தாள், பர்வீனின் கையெழுத்தில் பதினொரு பெயர்கள். சங்கு ஊதாத ஒரு மழை நாளில் வெள்ளத்தோடு போனவர்கள்.

புது நீர்மட்டக் கருவிக்குப் புது மென்பொருள் தேவைப்பட்டது. பர்வீன் அதன் மூலநிரலை எடுத்து, பழைய சர்வரின் லைப்ரரிகளுக்கு, அதாவது நிரல்கள் பொதுவாக எடுத்தாளும் கோப்புகளுக்கு, ஒத்துப்போகும்படி மூன்று நாளாகக் கம்பைல் செய்துகொண்டிருந்தார்.

"எதுக்கும்மா இந்தப் பாடு?" என்றார் தேவசகாயம். "புது லினக்ஸோட அடிப்படை லைப்ரரியவே தூக்கி இதுல போட்டா அஞ்சு நிமிஷ வேலை."

"போடுங்கண்ணே."

கீபோர்டு அவர் பக்கம் வந்தது. போட்டார். மணி பதினொன்று நாற்பது.

கோப்புகளைக் காட்டு என்றார். லைப்ரரி பொருந்தவில்லை என்றது திரை. பழையதைத் திருப்பி வை என்றார். பொருந்தவில்லை. சரி, நின்றாவது தொலை என்றார். அதற்கும் அதே பதில், அதே மரியாதையோடு.

"ஒண்ணுமே ஓடலையேம்மா!"

"எல்லாம் அந்த ஒரு லைப்ரரி மேலதாண்ணே நிக்குது."

"சங்கு?"

"பன்னெண்டுக்குத் தெரியும்."

வெளியே மழை வலுத்தது. தேவசகாயம் ஆற்றோரத் தெருவிலிருந்த மகளுக்குப் போன் போட்டார்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போ."

"ஏம்ப்பா? சங்கு ஊதலையே?"

"போன்னா போ தாயி," என்று வைத்துவிட்டார்.

முள் பன்னிரண்டைத் தொட்டது.

சங்கு ஊதியது.

தேவசகாயம் திரையைப் பார்த்தார். செத்துத்தான் கிடந்தது. பர்வீனைப் பார்த்தார்.

"அப்போ இது…"

"சர்வரோட நகல். உங்களுக்குன்னு செஞ்சு வெச்சது."

அவர் நாற்காலியில் சரிந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அடிப்பாவி! வேணாம்ணே, போடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேனா?"

பர்வீன் சுவரிலிருந்த தாளைப் பார்த்தார்.

"எனக்கும் அன்னைக்குப் போடாதேன்னு சொன்னாங்கண்ணே. நகல்தான் யாரும் செஞ்சு வெக்கலை."