சின்னக் குண்டு பட்ட பன்றி

வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. கடைசியில் தீர்ப்பு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதனால் அங்கே இங்கே பார்க்காமல் கேளுங்கள்.

மேற்கு மலை அடிவாரத்தில் ஊத்துப்பாறை என்றொரு ஊர். அங்கே மாயழகு என்ற இளைஞனுக்கு அக்காமார் இரண்டு பேர். மூத்தவளைக் கட்டியவர் பேச்சியப்பன், இளையவளைக் கட்டியவர் தவசி. சகலைகளுக்குள் பொறாமை இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஒரே மாமியார் கையால் சாப்பிடுகிறவர்கள், அடுத்தவர் இலையில் என்ன விழுகிறது என்று பார்க்காமல் இருப்பார்களா?

பேச்சியப்பனிடம் ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஊரில் வேறு துப்பாக்கி கிடையாது. வேட்டைக்கறியில் தலைப்பங்கு அவருக்கு, மாமியார் வீட்டில் முதல் இலையும் அவருக்கு. எஸ்டேட் வேலையை விட்டு ஊருக்கு வந்த தவசி, துரையிடம் வாங்கிய ‘பாயிண்ட் இருபத்திரண்டு’ ரக ரைஃபிள் ஒன்றோடு வந்து இறங்கினார். பேச்சியப்பனின் நிம்மதி அன்றைக்கே போயிற்று.

அந்த ரைஃபிளின் குண்டு தட்டாம்பயறு அளவுதான். தோட்டாவின் விளிம்பில் ஊசி தட்டும், சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், தூரத்தில் முயல் படுத்துவிடும். தலையில் ஒரு சின்னத் துளை தவிர உடம்பில் காயம் இருக்காது. பேச்சியப்பன் அடிக்கும் முயலிலோ கறிக்குச் சமமாகச் சிதறிய ஈயக்குண்டும் இருக்கும்.

"மூத்த மாப்பிள்ளை அடிச்ச மொசலைத் திங்கிறப்போ பல்லைப் பத்திரமாப் பாத்துக்கிடணும். சின்ன மாப்பிள்ளை அடிச்சா அள்ளித் திங்கலாம்" என்று மாமியார் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியப்பனின் மனைவியும் சிரித்தாள். அன்றைக்கு முதல் இலையைத் தவசிக்குப் போட்டிருந்ததையும் பேச்சியப்பன் கவனிக்காமல் இல்லை.

பிறகு டீக்கடையில் உட்கார்ந்து அவர் சொல்லத் தொடங்கினார்: "மொசலுக்கும் காட்டுக்கோழிக்கும் அது போதும்யா. பன்னிக்குத் தோள்ல கொழுப்பு கெட்டிப்பட்டுக் கெடக்கும். இந்தக் குண்டு அந்தக் கொழுப்போட நின்னுக்கிரும். பன்னி சாகாது, வெறிதான் புடிக்கும்."

அத்தனையும் உண்மை. ஆனால் இதை ஊரில் எல்லாரிடமும் சொன்னவர் தவசியிடம் மட்டும் சொல்லவில்லை. தவசி அதுவரை பன்றியைச் சுட்டதே இல்லை.

அந்த ஊர் வேட்டைக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் குண்டு பட்டு ரத்தம் சிந்துகிற மிருகம் அவருடையது. ரத்தத்தைக் கண்ட பிறகு வேறு யாரும் அதைச் சுடக் கூடாது. அதேபோல, மிருகம் அடிபட்டது தெரிந்தவர் உடனே குரல் கொடுத்து மற்றவர்களை எச்சரிக்க வேண்டும். முறை தவறி ஒருவனுக்கு ஊனம் வந்தால், தவறியவர் அவன் எழுந்து நடக்கிற வரை அவன் வெள்ளாமைக் காட்டை உழுது கொடுக்க வேண்டும்.

கடலைக் காட்டைப் பன்றி கிளறிப் போட்ட ஒரு காலை நேரம், ஊர் வேட்டைக்குக் கிளம்பியது. வேட்டைத் தலைவர் சடையாண்டி, தவசியைப் பாறை மேலும் பேச்சியப்பனை ஓடைக்கரையிலும் நிறுத்தினார். மாயழகு தடியோடு புதரைக் கலைத்துக்கொண்டு வந்தான்.

பன்றி பாறைப் பக்கம் வந்தது. தவசி தோளைப் பார்த்துச் சுட்டார். அது தடுமாறக்கூட இல்லை, ஓடைப் பக்கம் ஓடிவிட்டது. தவசி வாயைத் திறக்கவில்லை. ஓடைக்கரையில் அது பேச்சியப்பனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கடந்தது. இரண்டு குழலிலும் பெரிய குண்டு இருந்தும் அவர் சுடவில்லை, குரலும் கொடுக்கவில்லை. பின்னால் வந்த மாயழகு, பன்றி போய்விட்டது என்று நம்பி ஓடையில் இறங்கினான். அது சட்டென்று திரும்பி அவன் தொடையைக் கிழித்துப் போட்டது. அதற்குப் பிறகுதான் ரெட்டைக்குழல் வெடித்தது, பன்றி விழுந்தது.

அறுத்தபோது தோள் கொழுப்புக்குள் தவசியின் குண்டு நசுங்கிக் கிடந்தது. எலும்பை அது தொடவே இல்லை. துளையையும் கொழுப்பு மூடியிருந்தது. பாறையிலிருந்து ஓடை வரை ஆட்கள் குனிந்து தேடிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

மழை நெருங்குகிறது. அந்த வீட்டில் ஏர் பிடிக்க மாயழகுவை விட்டால் ஆள் இல்லை. அவன் கட்டிலில் கிடக்க, ஊர் கூடியது.

"ரத்தம் ஒழுக வந்துச்சு. அடுத்தவன் பன்னி, அதனால தொடலை. மச்சினனைக் குத்தின பெறகு பொறுக்க முடியாமச் சுட்டேன்" என்றார் பேச்சியப்பன்.

"ரத்தமே வரலை. தப்பிப்போச்சுன்னு நெனச்சேன். சகலை முன்னால அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார் தவசி.

ஒருவர் முறையைக் காத்ததாகச் சொல்கிறார். இன்னொருவர் முறைக்கு வேலையே இல்லை என்கிறார். மாயழகுவின் காட்டை உழ வேண்டியவர் இவர்களில் யார்?

விடை: பேச்சியப்பன். வழி நெடுக இல்லாத ரத்தத்தை அவர் பார்த்திருக்க முடியாது. ரத்தம் காணாத பன்றியைச் சுடுவதை எந்த முறையும் தடுக்கவில்லை. தவசி மேலும் தப்பு உண்டு. வெட்கத்தை விட்டு ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அதற்காக விதைக்கிற வேலையை அவர் தலையில் கட்டினார்கள். ஆனால் சின்னக் குண்டு பட்ட பன்றி என்ன செய்யும் என்பது தவசிக்குத் தெரியாது, பேச்சியப்பனுக்குத் தெரியும்; தெரிந்தும் அவர் குரல் கொடுக்கவில்லை. "ரத்தம் இல்லாம அடிபட்ட பன்னின்னு எப்படிக் கண்டீரு?" என்று சடையாண்டி கேட்டார். பேச்சியப்பன் சொன்னார்: "ரைஃபிள் சத்தம் கேட்டுச்சு மாமா. அப்புறமும் பன்னி விழுகாம வந்துச்சு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அந்தச் சந்தோசத்துல வெரல் அசையலை."